சாரின் தலையசைப்பு

தோற்ற அணியின் சட்டையும் ஜெயித்த அணியின் சட்டையும் ஒரே மாதிரிதான் நாறும். ஆனால் தோற்றதைத் துவைக்கத்தான் நேரம் அதிகம் பிடிக்கும் என்று அக்கா சொல்வதுண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலுறைகளில் காய்ந்திருந்த சேற்றை ஒரு வளைந்த கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சட்டைகள் பெரிய வாளியில் ஊறின. அவள் கணவன் அலசியவற்றைப் பிழிந்து, முதுகிலிருந்த எண்களின் வரிசைப்படி கம்பியில் தொங்கவிட்டான். வரிசை தப்பினால் கோல்கீப்பருக்குப் பக்கத்தில் முன்வரிசைக்காரி வந்து நிற்பாள், கம்பியிலும் தோற்றுவிடுவோம் என்றான். அவள் சிரிக்கவில்லை.

அவள் அந்தக் கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்குப் பொறுப்புப் பயிற்சியாளர், நிரந்தரமில்லை. உதவிப் பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்தே ஆட்டக்காரிகள் அவளை அக்கா என்று கூப்பிட்டுப் பழகி, காவல்காரர், கணக்கர் என்று பரவி, இப்போது முதல்வர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். சட்டை துவைப்பது உதவிப் பயிற்சியாளரின் வேலை. இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் அவளுக்குத் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவள் விட்டுவந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. பதவி ஒன்று கூடியது, வேலை எதுவும் குறையவில்லை.

அவளுக்கு முன்னால் இருபது வருடத்துக்கும் மேலாகத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் உள்ளே கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கல்லூரி முழுக்க அவர் சார். அவளுக்கு மாமனார். வயது வரம்பு வந்ததும் கல்லூரி அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தையும் நீண்ட கைதட்டலையும் கொடுத்து அனுப்பியது. கடிகாரம் சமையலறையில் எப்போதும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே விசில் ஊதற ரெஃப்ரி மாதிரி என்று அதைத் திட்டுவார்.

அந்த வீட்டில் சோற்றுக்கு உப்பு கேட்பதற்குள் இரண்டு கோலைப் பற்றிப் பேசிவிடுவார்கள். ஆனால் சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வந்ததிலிருந்து யாரும் வாய் திறக்கவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக இருந்தது. இடது பக்கத் தடுப்பாட்டக்காரி, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பெண், கணுக்கால் மடங்கி நொண்டினாள். அவள் நொண்டத் தொடங்குவதற்கு முன்பே அக்கா மாற்று ஆட்டக்காரியை எழுப்பிவிட்டிருந்தாள். அவள் முதலாண்டு மாணவி. அதிகம் பேசாததால் ஊமை என்று பெயர். ஊமையின் கணுக்காலுக்கு முன்கூட்டியே கட்டுப் போட்டு, சட்டையை உள்ளே திணித்து, காதுத்தோட்டைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு, எல்லைக்கோட்டருகே எண் பலகையோடு நிற்கும் நடுவரிடம் கூட்டிப்போனாள். ஒரு குறையும் இல்லாத வேலை. பிறகு அவள் திரும்பி, பெஞ்சின் கடைசி ஓரத்தைப் பார்த்தாள்.

இத்தனை வருடமும் அது அப்படித்தான் நடந்தது. அவள் ஆளைத் தயார்செய்து கோட்டில் நிறுத்துவாள். திரும்பிப் பார்ப்பாள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சார் மோவாயை ஒரு முறை கீழே இறக்குவார். அதன் பிறகுதான் அவள் பலகைக்காரருக்குக் கை காட்டுவாள். தலையசையாமல் யாரும் உள்ளே போனதில்லை. சார் போன பிறகு இந்தப் பருவத்தில் அதுவரை அவள் இடைவேளையில் மட்டுமே ஆள் மாற்றியிருந்தாள். அன்றைக்குப் பெஞ்சின் ஓரத்தில் ஒரு தண்ணீர்க் கேன்தான் இருந்தது. அக்கா அதைப் பார்த்தபடி நின்றாள். போடட்டுமா என்று பலகைக்காரர் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல அவள் கையை உயர்த்தினாள். எதிரணி அந்த நொண்டும் பக்கத்தைக் கண்டுகொண்டது. பந்து நெட்டையைத் தாண்டிப் போனது, கோல் விழுந்தது.

பார்த்தவர்கள் அது ஏதோ கணக்கு, பலிக்காமல் போய்விட்டது என்று நினைத்தார்கள். அவள் எதற்காகக் காத்து நின்றாள் என்பது மைதானத்தில் ஒரே ஒருவருக்குத்தான் புரிந்தது. அவர் பார்வையாளர் படிக்கட்டில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா அந்தக் கல்லூரிக்கு இடது ஓர ஆட்டக்காரியாக வந்தவள். இடது காலால் ஊசியில் நூல் கோத்துவிடுவாள் என்று சொல்வார்கள். இரண்டாம் ஆண்டில் முழங்கால் போயிற்று. அறுவை செய்த மருத்துவர், நடக்கலாம், மாடி ஏறலாம், ஓடுவதை மறந்துவிடு என்றார். ஊன்றுகோலோடு எல்லைக்கோட்டில் உட்கார்ந்து அழுதவளின் முன்னால் சார் ஒரு பந்துப் பையையும் காற்றடிக்கும் குழலையும் போட்டு, அழறதா இருந்தா இதுக்குக் காத்தடிச்சுக்கிட்டே அழு என்றார். அன்றைக்கு ஆரம்பித்த வேலை அது. முதலில் சம்பளமில்லாமல், பிறகு அரைச் சம்பளத்தில், பிறகு உதவிப் பயிற்சியாளர் என்ற பெயரோடு. நடுவில் பயிற்சியாளர் சான்றிதழுக்காகப் படித்தாள். வகுப்பறை நிறைய ஆண்கள். முதல் நாள் ஒருவர் அவளைப் பார்த்து, எனக்கு டீயில சர்க்கரை கம்மியா என்றார். தேர்வு முடிவில் அவருக்கு மேலே அவள் பெயர் இருந்தது. அடுத்த படிச் சான்றிதழையும் வாங்கினாள்.

சாரின் மகன் கல்லூரி பஸ் டிரைவர். அப்பாவின் விளையாட்டு அவனுக்கு வரவில்லை. பந்து வந்தால் ஒதுங்கி வழி விடுவான். கடைசி இருக்கையில் பந்துப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை அவன் முன் கண்ணாடியிலேயே பார்த்துக் காதலித்தவன். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு அவர் மைதானத்தில் சார், வீட்டில் மாமா. வாசல்படியைத் தாண்டும்போது நாக்கு தானாக மாறிக்கொள்ளும்.

திங்கட்கிழமை முதல்வர் கூப்பிட்டனுப்பினார். சுற்றி வளைக்கிற பழக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை. தலைமைப் பயிற்சியாளர் இடத்தை நிரந்தரமாக நிரப்ப வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வர ஆசைப்படுகிறார், ஆண்கள் அணிகளைப் பழக்கியவர், சான்றிதழ் இரண்டு பேருக்கும் சமம் என்றார். அக்காவின் வேலையில் யாரும் குறை சொல்லவில்லையாம்.

"ஆனா அந்த வேலையை யார் செய்யறாங்கன்னு கேக்கறாங்க. சார் ரிட்டையரே ஆகலே, மருமக பேர்ல வேலை பாக்கறார்னு குழுவுல ஒருத்தர் சொல்றார். நான் என்ன பதில் சொல்ல?"

வரும் சனிக்கிழமை கடைசி ஆட்டத்துக்குக் குழுவிலிருந்து இருவரோடு தானும் வருவதாக முதல்வர் சொன்னார். சமனில் முடித்தாலே அணி முதல் பிரிவில் தங்கிவிடும். கீழே இறங்கினாலும் சரி, சார் பெஞ்சில் இருப்பதை அந்த இருவர் பார்த்தாலும் சரி, அதற்குப் பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

அந்த வாரம் முழுக்க வானம் மூடிக்கொண்டே இருந்தது, பெய்யவில்லை. காற்றில்லாத புழுக்கத்தில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டால் தூள் வேர்த்த கையிலேயே ஒட்டிக்கொண்டது. நெட்டை கணுக்காலில் கட்டோடு ஓரமாக உட்கார்ந்து, எல்லாம் என்னாலதான் என்று யார் கேட்டாலும் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அக்கா அவளருகே போய் நின்று, ஏதோ சொல்ல வந்து, பந்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

புதன்கிழமை பயிற்சியில் எதிரணியை அவர்களுடைய பாதி மைதானத்திலேயே மறித்து ஆடச் சொல்லி விசில் ஊதினாள். பெண்கள் முன்னால் போகவில்லை. கேப்டன் கையைக் காட்ட, ஐந்து பேர் பின்னால் வரிசையாக இறங்கி நின்றார்கள். கேப்டனுக்கு வக்கீல் என்று பெயர், ரெஃப்ரியிடம் வாதாடுவதால். சாரின் கண்டுபிடிப்பு அவள். நடுக்களத்தில் அவளைப்போல ஓடுகிறவள் அந்த அணியில் இல்லை. இது யார் சொன்ன ஆட்டம் என்று அக்கா கேட்டாள். எதற்கும் பதில் வைத்திருக்கும் வக்கீல் அன்றைக்குப் புல்லைப் பார்த்தாள்.

"சார் போன் பண்ணினார்க்கா. எல்லாருக்கும்தான் பண்ணினார்."

"எப்போ?"

"தினமும் மத்தியானம்."

அன்று சாயங்காலம் சோறும் பருப்பும் பொரித்த முட்டையும் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன. அக்கா முதல்வர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். சார் நிதானமாகச் சோற்றைப் பிசைந்தார். ஊர் வாயை உலைமூடியால் மூட முடியாது, ஜெயித்தால் தானே மூடிக்கொள்ளும் என்றார். பின்வரிசையைப் பலப்படுத்தினால் சமன் நிச்சயம், சமன் வந்தால் வேலை நிச்சயம், அதற்காகத்தான் அந்தப் பிள்ளைகளிடம் பேசினேன், எனக்கா செய்துகொண்டேன் என்று கேட்டார். கேட்ட விதத்தில் பொய் இல்லை. அதுதான் அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"சனிக்கிழமை நான் பெஞ்சுல உக்காந்துக்கறேன்," என்றார்.

"வேண்டாம் மாமா."

"போன வாரம் நீ என்னைத் தேடினே. நான் மேலேருந்து பாத்தேன்."

டிரைவர் சாப்பிடுவதை நிறுத்தினான். அவனுக்கு இது புதிது.

"நான் அங்க இருந்திருந்தா அந்த கோல் விழுந்திருக்காது," என்றார் சார்.

"நீங்க அங்க இல்லேங்கறது எனக்கு ஞாபகம் இருந்திருந்தாலும் விழுந்திருக்காது மாமா."

இந்த வீட்டில் கோச் இரண்டு பேர், உதைபடுகிற பந்து நான் ஒருவன்தான் என்று டிரைவர் சொல்லிப் பார்த்தான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. சார் எழுந்து கை கழுவினார். ஈரக் கையைத் துடைத்தபடி, இருபது வருஷமா நான் வளர்த்த டீம் என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

சனிக்கிழமை விடிந்ததும் டிரைவர் பஸ்ஸின் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். அக்கா தண்ணீர்க் கேன்களைப் படியில் ஏற்றிவைத்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். சார் முன்னால் அவனை நீங்க என்பாள். தனியாக இருந்தால் நீதான்.

"இன்னிக்கு அவரை ஏத்தாதே."

"எப்படி? பெத்த அப்பனைப் பாத்துக் கதவைச் சாத்தறதா?"

"அப்போ என்னைச் சொல்ல விடு."

"நீ சொன்னா கேக்கறவரா அவர்?"

அவன் துணியைப் பிழிந்தான். நீ சொல்றது நியாயம், ஆனா நியாயத்தைக் கையில வெச்சுக்கிட்டு அவர் மூஞ்சியை என்னால பாக்க முடியாது என்றான்.

பெண்கள் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள். கதவு சாத்தப்போகும் நேரத்தில் சார் வந்தார். பழைய நீலத் தொப்பி, கழுத்தில் விசில். டிரைவருக்குப் பின்னாலிருந்த முதல் இருக்கை காலியாக இருந்தது. அது பயிற்சியாளரின் இருக்கை. இந்தப் பருவம் முழுக்க அக்கா அதில் உட்கார்ந்ததில்லை. பந்துப் பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லிக் கடைசியிலேயே உட்கார்ந்து வந்தாள். சார் அதில் உட்கார்ந்தார். பெண்கள் கை தட்டினார்கள். கோல்கீப்பர், கதவு என்று பெயர் பெற்ற அகலமான பெண், இனி பயமில்லை என்று பக்கத்தில் இருந்தவளின் தோளில் அடித்தாள்.

கைதட்டலைவிட அவர்கள் முகம் தெளிந்ததுதான் அக்காவைச் சுட்டது. ஒரு வாரமாக இறுகிக் கிடந்த முகங்கள். அவள் எவ்வளவோ பேசிப் பார்த்தும் இளகாதவை, ஒரு தொப்பியைக் கண்டதும் இளகிவிட்டன.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியது. சார் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார். யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். வக்கீல் பின்னால் இறங்கணும், கதவு பந்தைக் கையில் வைத்து நேரம் கடத்தணும், ஊமை இன்றைக்கு வேண்டாம், கால் நடுங்கும். கேட்கக் கேட்கப் பெண்கள் தலையாட்டினார்கள். அக்காவும் தலையாட்டினாள். ஆட்டியது தெரிந்ததும் தலையை நிறுத்தினாள்.

அவள் பந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு, ஓடும் பஸ்ஸில் இருக்கை இருக்கையாகப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"வண்டியை ஓரமா நிறுத்துங்க," என்றாள் கணவனிடம்.

அவன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு டயர் கடையும், அதற்குப் பக்கத்தில் நிழற்கூரை போட்ட பேருந்து நிறுத்தமும் இருந்த இடத்தில் ஒதுக்கி நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை.

"சார், நீங்க இங்க இறங்கிக்கணும்."

சார் சிரிக்கத்தான் பார்த்தார்.

"என்னம்மா, விளையாடறியா?"

"இல்ல சார்."

"நான் வரலேன்னா இதுங்க தோத்துடும். உன் வேலை போயிடும். அது தெரியுதா உனக்கு?"

"தெரியுது. தோக்கலாம். ஆனா நீங்க அங்க இருந்தா நான் உங்களைத் தேடுவேன். நான் தேடுற நேரத்துல கோல் விழும்." அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "போன வாரம் அப்படித்தான் விழுந்துது. ஆளைக் கொண்டுபோய்க் கோட்டுல நிறுத்திட்டு, சார் தலையாட்டணும்னு காத்துக்கிட்டிருந்தேன். சார் அங்க இல்லேங்கறதே எனக்கு மறந்து போச்சு. நெட்டை, அது உன்னோட கோல் இல்ல. என்னோடது."

நெட்டை வாயைப் பொத்திக்கொண்டாள். லாரி ஒன்று கடந்து போனபோது ஜன்னல்கள் அதிர்ந்தன.

"டேய், வண்டியை எடு," என்றார் சார் மகனைப் பார்க்காமலே.

டிரைவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீம் வண்டியை கோச் சொன்னாதான்பா எடுக்கணும்," என்றான். பிறகு கையை நீட்டிக் கதவைத் திறந்தான்.

சார் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பெண்களில் ஒருத்தியாவது ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தவர்போல உள்ளே நெடுக ஒரு முறை பார்த்தார். வக்கீல்கூடப் பேசவில்லை. அவர் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். டிரைவர் தாங்கிப் பிடிக்கப் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். கதவு சாத்திக்கொண்டது. பஸ் நகர்ந்தபோது அக்கா வெளியே பார்க்கவில்லை. போய்ச் சேரும்வரை நடுவிலேயே நின்றுகொண்டு, யார் எங்கே ஆடுவது என்பதை முதலிலிருந்து சொன்னாள். பாதிப் பேர் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பிறகும் சொன்னாள்.

எதிரணியின் மைதானம் ஈரமில்லாமல் பாறையாக இருந்தது. நெட்டை கணுக்காலை இறுகக் கட்டிக்கொண்டு இடது பக்கத்தில் இறங்கியிருந்தாள். கம்பி வேலிக்கு வெளியே உள்ளூர்க்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். நிழற்பந்தலில் முதல்வரும் குழுவினர் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இருவரில் கண்ணாடி போட்டவர் ஆட்டத்தைவிடப் பெஞ்சைத்தான் அதிகம் பார்த்தார்.

முதல் பாதியில் ஒரு மூலை உதையில் கதவைத் தவிர எல்லோரும் முன்னே போய் முட்டி மோதியதில் பந்து யார் காலிலோ பட்டு உள்ளே போனது. யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. நான்கு பேர் ஆளாளுக்குத் தனதென்றார்கள். இடைவேளைக்குப் பிறகு எதிரணி திருப்பிப் போட்டது. அதற்கு முன்னால் தன்னைத் தள்ளினார்கள் என்று வக்கீல் ரெஃப்ரியைத் துரத்திக்கொண்டு ஓடி வாதாடி, மஞ்சள் அட்டை வாங்கினாள். அதோடு நிற்கவில்லை. பந்து எங்கேயோ இருக்க, தள்ளியவளைத் தேடிக்கொண்டு போனாள்.

இன்னொரு அட்டை வந்தால் வெளியே. பத்துப் பேரோடு சமனைக் காப்பாற்ற முடியாது. ஆனால் கேப்டனை ஆட்டத்தின் நடுவில் எடுப்பது அந்த அணியில் நடந்ததே இல்லை. தலையை வெட்டிட்டு உடம்பை ஓடச் சொல்லாதே என்பது சாரின் சொல். வக்கீல் போனால் நடுக்களத்தைப் பிடிக்க இருப்பது ஊமை மட்டும்தான்.

அக்கா ஊமையை எழுப்பினாள். கட்டைச் சரிபார்த்தாள், தோட்டைக் கழற்றச் சொன்னாள். அந்தப் பெண்ணின் கால் உண்மையிலேயே நடுங்கியது. கோட்டுக்கு வந்தார்கள். பலகைக்காரர் எந்த எண் என்று கேட்டார். அக்காவின் கழுத்து திரும்பத் தொடங்கியது. பாதி திரும்பிவிட்ட கழுத்தைப் பிடரி வலிக்கும் அளவுக்கு அவள் இழுத்து நிறுத்தினாள். மைதானத்தைப் பார்த்தபடியே கேப்டனின் எண்ணைச் சொன்னாள்.

பலகை உயர்ந்தது. வக்கீல் அதைப் படித்தாள். நம்பாமல் மறுபடி படித்தாள். பிறகு அவளும் பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தாள், அங்கே சார் இல்லாததால் நிழற்பந்தலைப் பார்த்தாள்.

"சார் சொல்லட்டும்," என்று கத்தினாள்.

"சார் இல்ல. நான் சொல்றேன். வெளிய வா."

"நான் போனா தோத்துடுவோம்க்கா."

"தோத்தா நான் தோத்ததா இருக்கட்டும். வா."

எதிரணியின் ஆதரவாளர்கள் கூச்சல் போட்டார்கள். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்து, சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனார். வக்கீல் கைப்பட்டையைக் கழற்றினாள். அதை நெட்டையிடம் கொடுப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஊமையின் கையில் திணித்து, போட்டுக்கோ, போய்ச் சாவு என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பெஞ்சுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

ஊமை முதல் பந்தைத் தவறவிட்டாள். இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாள். அது கூட்டத்துக்குள் போய் விழுந்தது. அதன் பிறகு கால் நடுக்கம் நின்றது. எல்லாப் பந்தையும் கூட்டத்துக்குள் உதைத்தாள். அழகான ஆட்டமில்லை. கட்டு அவிழ்ந்த காலோடு நெட்டை கோல்கம்பத்துக்கு முன்னால் விழுந்து ஒன்றைத் தடுத்தாள், கதவு இன்னொன்றை மார்பில் வாங்கினாள். விசில் ஊதியபோது ஒன்றுக்கு ஒன்று. யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.

அக்கா தண்ணீர்ப் புட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது முதல்வரும் இருவரும் பந்தலிலிருந்து வந்தார்கள். அதே நேரத்தில் வேலிக் கதவுப் பக்கம் சலசலப்பு. நீலத் தொப்பி தெரிந்தது. டயர் ஏற்றிப்போன வண்டி ஒன்றில் இடம் கேட்டு ஏறி, பாதி ஆட்டத்தில் வந்து சேர்ந்திருக்கிறார். கால்சட்டையில் கறுப்புக் கறை.

கண்ணாடிக்காரர் முகம் மலர்ந்தது. தேடியது கிடைத்துவிட்டவரின் முகம்.

"சாரும் வந்தாச்சா. அதானே பாத்தேன். கேப்டனை வெளிய எடுத்தது உங்க யோசனைதானே? பிரமாதம் சார்."

அக்கா கையிலிருந்த புட்டிகளோடு அப்படியே நின்றாள். சார் ஒரு புன்னகை செய்தால் போதும். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும்.

"என் யோசனையா?" என்றார் சார். "இருபது வருஷத்துல நான் ஒரு கேப்டனைக்கூட வெளிய எடுத்தது கிடையாது. இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. நான் வரவே கூடாதாம். என்னை நடு ரோட்டுல, டயர் கடை வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போயிட்டா. பெத்த பையன் கதவைத் திறந்து விடறான். பஸ் முழுக்கச் சாட்சி இருக்கு, கேட்டுப் பாருங்க."

"இறக்கி விட்டாங்களா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நாயை இறக்கி விடற மாதிரி."

முதல்வர் அக்கா பக்கம் திரும்பினார். உண்மையா என்று கேட்டார்.

"உண்மைதான் மேடம்."

முதல்வர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "யார் வேலை பாக்கறாங்கன்னு கேட்டீங்களே. இதைவிட நல்ல சாட்சி எங்க போய்த் தேடறது?" என்றார். அக்காவிடம், திங்கட்கிழமை காலையில் வாங்க, அந்தப் 'பொறுப்பு'ங்கற சொல்லை எடுத்துடலாம் என்றார்.

தன் புகார் எங்கே போய் முடிந்தது என்பது சாருக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்தார். எதையோ திருத்திச் சொல்லப் பார்ப்பதுபோல இருந்தது. சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒரு வாரமாக மூடிக் கிடந்த வானம் கொட்டியது. பஸ்ஸின் துடைப்பான் ஒன்றுதான் வேலை செய்தது. டிரைவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அதன் வழியே பார்த்து ஓட்டினான். பெண்கள் ரொட்டியை மென்றபடியே தூங்கினார்கள். வக்கீல் மட்டும் விழித்திருந்தாள், யாரோடும் பேசாமல். சாரும் அக்காவும் நடைபாதைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். டயர் கடை எந்த இடத்தில் கடந்தது என்று மழையில் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார், முன்னாலிருந்த கம்பியைப் பார்த்தபடி.

"அடுத்த சீசனுக்கு பிராக்டிஸ் எப்போ ஆரம்பிக்கறே?"

"மழை விட்டதும். நீங்க வர வேண்டாம் மாமா."

பஸ்ஸுக்குள் அவள் அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அவர் அதைக் கவனித்தாரா என்று சொல்ல முடியாது. டிரைவர் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கண்ணைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டான்.

"மேட்ச் பாக்கக்கூடாதா?"

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு எங்க நின்னீங்க?"

"அவங்க கோல் கம்பத்துக்குப் பின்னால. வேலிக்கு வெளிய. கூட்டம், ஒண்ணுமே சரியாத் தெரியலே."

"நான் உங்களைப் பாக்கவே இல்ல," என்றாள் அக்கா. "அங்கயே நில்லுங்க மாமா."